பதினோரு மணி முகம்

கோயமுத்தூரில் நாற்பத்தொரு வழுக்கைத் தலைகளில் முடி வளர வைத்தவன் நான். மருந்து எதுவும் கிடையாது. எண்ணெய் வண்ணமும் ஒரு மெல்லிய தூரிகையும்தான். பள்ளிக்கூடத் தாளாளர்கள், மில் முதலாளிகள், கல்யாண மண்டபம் கட்டியவர்கள் என்று இந்த ஊர் வரவேற்பறைகளில் சட்டம் போட்டுத் தொங்குகிற பெரிய மனிதர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் தாடையை எடுத்துவிட்டதும் நான்தான். கண்மணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால் கருணை வந்துவிடும். இரண்டு வைத்தால் தொலைநோக்கு. முப்பது வருடத்தில் நான் கண்டுபிடித்த கலை ரகசியம் இவ்வளவுதான்.

பெயர் நாகமாணிக்கம். படத்தின் மூலையில் 'மாணிக்' என்று சாய்த்துக் கையெழுத்துப் போடுவேன். பார்ப்பவர்கள் ஏதோ வெளிநாட்டு ஓவியர் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு நப்பாசை. இதுவரை ஒருத்தரும் நினைத்ததில்லை.

இப்படிப்பட்டவன் கையில் இருட்டுக் கேமரா எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேமரா கடைக்கு வந்த முதல் வருடம் ஊரே ஆளுக்கொன்று வாங்கியது. சினிமா தியேட்டரில், ராத்திரி பஸ்ஸில், பவர்கட் ஆன வீடுகளில் என்று எடுத்துத் தள்ளினார்கள். இருட்டில் மனிதர்கள் முகத்தைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. பக்கத்தில் படுத்திருப்பவர் இருட்டில் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டவர்கள் குடும்ப நீதிமன்றத்தில் வரிசையில் நின்றார்கள். இரண்டாம் வருடம் அரசாங்கம் தடை போட்டது. வனத்துறை, போலீஸ், கண் மருத்துவர்கள், அப்புறம் போலீசுக்கு அடையாளப் படம் வரைபவர்கள், இவர்களுக்கு மட்டும் லைசென்ஸ். இந்தக் கடைசி வகையை யாரோ ஒரு குமாஸ்தா 'உருவப்பட ஓவியர்' என்று தட்டச்சு செய்துவிட்டார். நான் விண்ணப்பித்தேன். ஆறு மாவட்டத்துக்குச் சேர்த்து லைசென்ஸ் வாங்கிய ஒரே ஓவியன் நான்தான். திறமைக்காக எனக்குக் கிடைத்த ஒரே அங்கீகாரமும் எழுத்துப் பிழையால் வந்ததுதான்.

கலெக்டர் ஆபீசில் அரை நாள் பயிற்சி. நடத்தியவர் பர்வீன் பானு என்ற அதிகாரி.

"வெளிச்சம்ங்கறது மழை மாதிரி சார்," என்றார். "சாதாரண கேமராவுக்கு நல்ல மழை வேணும். இதுக்கு அப்படியில்ல. கதவிடுக்குல ஒரு துளி, சாவித் துவாரத்துல ஒரு துளின்னு எது வந்தாலும் எண்ணி எண்ணிச் சேத்துக்கும். நம்ம கண்ணுக்கு கும்மிருட்டு. அதுக்குப் பட்டப்பகல்."

"பிளாஷ் அடிக்குங்களா?"

"சத்தமும் இல்ல, விளக்கும் இல்ல. அதனாலதான் சட்டம் போட்டாங்க. ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்குங்க. படம் கேமராவ விட்டு வெளிய வராது. பிரிண்ட் போட முடியாது. கண்ண இந்த ரப்பர் குழாய்ல ஒட்டி வெச்சுப் பாத்து, உங்க கையால வரைஞ்சுக்கலாம். ரெண்டாவது, படத்துல விழற ஒவ்வொருத்தரும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டிருக்கணும். தெரியாம எடுத்தீங்கன்னா லைசென்ஸ் போயிரும். ஜெயிலும் உண்டு."

வீட்டுக்கு வந்ததும் குளியலறையை அடைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து என்னையே எடுத்துப் பார்த்தேன். தனியாக, யாரும் பார்க்காத இருட்டில், என் உண்மையான முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஓர் ஆசை. படத்தில் நான் முகவாயைச் சற்றே உயர்த்தி, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குழாயில் கண் வைத்துப் பார்த்துவிட்டு, "இருட்டுலகூட தொப்பைய உள்ள இழுத்துட்டுத்தான் உக்காந்திருக்கறீங்க," என்றாள்.

அடுத்த மாதம் சென்னியப்பன் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். காந்திபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற ஒற்றை அறையைத்தான் ஸ்டுடியோ என்கிறேன். தண்ணீர் பம்ப் தயாரிக்கிற கம்பெனி அவருடையது. அறுபத்தெட்டு வயது. வழுக்கைத் தலை, வெள்ளைச் சட்டை, பெரிய குரல், உள்ளே நுழையும்போதே சிரிப்பு.

"கம்பெனிக்கு அடுத்த மாசம் வயசு நாப்பதாகுதுங்க. வாசல்ல எங்க ரெண்டு பேரு படத்தையும் பெருசா வெக்கோணும்னு ஆளுங்க ஆசப்படறாங்க. என்னுது எப்ப வேணா வரஞ்சுக்கலாம். என்ற ஊட்டுக்காரம்மாளுதுதான் சிரமம்."

மனைவி பெயர் லோகாம்பாள். கம்பெனி தொடங்கிய நாளில் மோட்டாருக்குள் வைக்கிற செப்புக் கம்பிச் சுருளைத் தன் கையாலேயே சுற்றியவர். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல். காய்ச்சல் போனது, ஆனால் அதன் பிறகு வெளிச்சம் கண்ணில் பட்டால் தலைக்குள் ஆணி அடிப்பது போல வலி. மருத்துவர்கள் நரம்பு என்றார்கள், வேறு பெயர்களும் சொன்னார்கள், மருந்து மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருட்டு அறையில்தான் இருக்கிறார்.

"பழைய போட்டோ ஏதாச்சும் இருந்தா அத வெச்சே..." என்று தொடங்கினேன்.

"காட்டுனனுங்க. 'பதினோரு வருசத்துக்கு முந்தி இருந்தவள எதுக்கு மாட்டறீங்க, இப்ப இருக்கறவள வரையச் சொல்லுங்க'ங்கறா."

வடவள்ளியில் வீடு. அந்த அறையின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகள். வெளிக் கதவைச் சாத்திய பிறகுதான் உள் கதவைத் திறக்க வேண்டும். நான் கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு கலைஞனுக்குரிய கம்பீரத்தோடு உள்ளே போய், ஒரு பீரோவில் நெற்றியை இடித்துக்கொண்டேன்.

"ரெண்டடி எடது பக்கம் வாங்க தம்பி," என்றது ஒரு குரல். "அங்க ஸ்டூல் கெடக்குது. கொஞ்சம் குனிஞ்சு தடவுங்க. ஆங், அதுதான்."

தடவி உட்கார்ந்து, குழாயில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டிலிருந்து ஒரு முகம் எழுந்து வந்தது. அறுபதைத் தாண்டிய, ஒடுங்கிய முகம். வெயிலே படாததால் மெழுகு போல வெளுத்திருந்தது. மடியில் ஒரு சின்னக் கட்டை. விரல்கள் பார்க்காமலே செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தன.

"கை சும்மா இருக்க மாட்டீங்குது," என்றார். "பேக்டரில இருந்து கட்டை அனுப்புவாங்க. நான் சுத்துனது இன்னும் பம்புக்குள்ள போகுதுங்க. எப்படி இருக்கறேன்?"

"மகாலட்சுமி மாதிரி இருக்கறீங்கம்மா."

"நான் உங்களக் கேக்கல. கேமராவக் கேட்டேன்."

நல்ல வேளை, இருட்டில் என் முகம் அவருக்குத் தெரியவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு சென்னியப்பன் வந்தார். தினமும் பதினோரு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் மனைவியோடு உட்கார்ந்திருப்பது அவர் வழக்கமாம். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று சமையல்கார அம்மா சொன்னார். அந்த நேரத்தில் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். கேமராவும் முக்காலியும் உள்ளேயே நிற்கும். நான் கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன். இரண்டு கதவையும் தாண்டி அவர் குரல் கேட்கும்.

"ஏனம்மிணி, கேட்டயா சேதி? நம்ம ஸ்டோர் கீப்பரு ஹெல்மெட்டக் கழட்டாமயே சலூனுக்குப் போயி உக்காந்துட்டானாமா. முடி வெட்டறவன் 'ஏனுங்க, இதையும் சேத்தி வெட்டோணுமா'ன்னு கேட்டானாமா!" அதன் பிறகு அவரே சிரிப்பார். வீடே அதிரும். மனைவியின் சிரிப்பும் மெல்லிசாகக் கேட்கும். நகைச்சுவையின் தரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. என் ஓவியத்தின் தரத்தை வைத்துக்கொண்டு நான் வாயைத் திறக்கக் கூடாது.

நான்காம் நாள் லோகாம்பாள் கேட்டார்.

"தம்பி, என்ற மூஞ்சி எடுத்து முடிஞ்சுதா?"

"ஆச்சுங்கம்மா. நாளைக்கு ஒரு நாள் வந்தாப் போதும்."

"அப்ப நாளைக்கு எனக்கு ஒரு வேல செய்யோணும். பதினோரு மணிக்கு வெளிய போறப்ப, கேமராவ அவரு உக்கார்ற சேர் பக்கம் திருப்பி வெச்சுட்டுப் போங்க. அதுவா எடுத்துக்குமில்ல?"

"எடுக்குங்க. பத்து செகண்டுக்கு ஒண்ணு எடுக்கும். ஆனா ஐயாகிட்டக் கையெழுத்து வாங்காம எடுத்தா..."

"கேட்டாப் போட்டுருவாரு. போட்டுட்டு அந்த ஒரு மணி நேரமும் சிரிச்சுட்டே உக்காந்திருப்பாரு. அதப் பாத்து நான் என்ன பண்ணட்டும்?"

"ஞாயித்துக்கெழம ரெண்டு நிமிஷம் லைட்டுப் போடுவாங்கன்னு ஐயா சொன்னாரே. அப்பப் பாக்கலாமில்லீங்களா?"

வாரத்துக்கு ஒரு முறை, சிவப்பு சீரோ வாட் பல்பில் இரண்டு நிமிடம். அதற்கு மேல் போனால் மூன்று நாள் வலி. அதுதான் மருத்துவர் கொடுத்த கணக்கு.

"சுவிட்சு போடற சத்தங் கேட்டதும் சிரிச்சுருவாரு தம்பி. பதினோரு வருசமா நான் பாத்ததெல்லாம் அந்த ஒரே மூஞ்சிதான், காலண்டர்ல இருக்கற மாதிரி." குழாயில், கம்பி சுற்றுகிற விரல்கள் நின்றன. "அவரு இங்க விருப்பப்பட்டு வர்றாரா, கடமைக்கு வர்றாரான்னு தெரியோணும். கடமைக்குன்னா, 'இனி வர வேண்டாமுங்க'ன்னு சொல்லிப் போடுவேன். வயசான மனுசன். எத்தன நாளைக்குக் கஷ்டப்படுவாரு?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் கொள்கைகள் உண்டு. வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லாமல் இருப்பது அவற்றில் முதலாவது. மறுநாள் பத்தே முக்காலுக்கு, இருட்டில் தடவித் தடவி, கேமராவை எதிர்ப்பக்க நாற்காலிக்குத் திருப்பி, பதினோரு மணிக்கு ஓடத் தொடங்கும்படி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஸ்டுடியோவுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு குழாயில் கண் வைத்தேன். முந்நூற்று அறுபது படங்கள்.

முதல் படத்தில் அவர் உள்ளே வந்து நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவதில் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கன்னம் தொங்கி, கண் எங்கோ தரையில் நிலைகுத்தி, சாவு வீட்டுப் பந்தலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் போல இருந்தார். அடுத்தடுத்த படங்களில் வாய் மட்டும் பேசியது. சலூன் கதையைப் போல ஒன்றைத்தான் சொல்லியிருப்பார். வாய் அகலத் திறந்து சிரித்தது, ஆனால் அந்தச் சேதி அவர் கண்ணுக்குப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கான படங்களில் கண்ணை மூடியே இருந்தார். கடைசிப் படத்தில் எழுந்து, கதவுப் பக்கம் திரும்பி, முகத்தை இரண்டு கையாலும் ஒரு முறை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

கடமைதான் என்று முடிவு செய்தேன். இதைப் போய் அந்த அம்மாளிடம் காட்டுவதா? நாற்பத்தொரு பேருக்கு முடி கொடுத்தவன், ஒரு கிழவருக்குக் கொஞ்சம் காதல் கொடுக்க முடியாதா? வரைந்தேன். தலையை லேசாகச் சாய்த்து, எதிரில் இருப்பவரை வைத்த கண் வாங்காமல் பார்க்கிற சென்னியப்பன். உதட்டோரம் குறும்பு. கண்மணியில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று, மூன்று வெள்ளைப் புள்ளிகள்.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த காலை நேரத்தில் படத்தைக் கொண்டுபோனேன். லோகாம்பாள் தானே சுவிட்சைப் போட்டார். மங்கலான அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்கே அவர் முகம் சுருங்கியது. கையை நெற்றியில் குடையாக வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். பத்து நொடிகூட இருக்காது. விளக்கை அணைத்துவிட்டார்.

"யாருங்க இது?"

"ஐயாதானுங்கம்மா. அப்படியே கேமரால பாத்தது..."

"பொய் சொல்லாதீங்க தம்பி. உங்க குரல் ஏறுது. பதினோரு வருசமா எனக்குக் காது மட்டுந்தான். அவரு சிரிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பாரு. பம்புல தண்ணி ஏறறதுக்கு முன்னால வெறும் காத்து வருமே, அந்த மாதிரி. அது சிரிக்கறவன் மூச்சு இல்ல. அவரு சிரிக்கறதில்லைன்னு எனக்கு முன்னமே தெரியும். சிரிக்காதப்ப எப்படி இருக்கறாருன்னுதான் தெரியல. அதையத்தான் கேட்டேன்."

"எனக்கு வேற மாதிரி வரையத் தெரியாதுங்கம்மா," என்றேன். முப்பது வருடத்தில் வாடிக்கையாளரிடம் நான் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"கத்துக்கங்க. அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு இன்னும் ஏழு நாள் கெடக்குதே."

அந்த வாரம் பட்ட பாட்டை எந்த ஓவியக் கல்லூரி மாணவனும் பட்டிருக்க மாட்டான். நான் பாட்டுக்கு வரைந்துகொண்டே இருப்பேன். திரும்பிப் பார்த்தால் உதட்டோரம் தானாக மேலே ஏறியிருக்கும். துணியால் துடைப்பேன். மறுபடியும் ஏறும். கை என் பேச்சைக் கேட்கவில்லை. வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டே பழகிய கை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் துடைத்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை கன்னம் தொங்கியது. வெள்ளிக்கிழமை கண் தரையைப் பார்த்தது. ஒரு வழுக்கையை வழுக்கையாகவே விட்டேன். முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. நன்றாக இருந்தது. மூலையில் கையெழுத்துப் போட தூரிகையை எடுத்தேன். 'மாணிக்' என்று எழுதக் கூச்சமாக இருந்ததால் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் மாடிப்படியில் அந்தப் பெரிய குரல் கேட்டது.

"ஏனுங்க ஆர்ட்டிஸ்ட்டு, எங்கம்மிணி படம் எந்த மட்டுல இருக்குது? பாத்துட்டுப் போலாம்னு..."

படத்தின் மேல் துணியைப் போட எனக்கு நேரம் இருந்தது. ஆனால் கையில் தூரிகை இருந்தது, துணி தூரத்தில் இருந்தது, நான் நானாக இருந்தேன். சென்னியப்பன் உள்ளே வந்து நின்றார். சிரிப்பு முகத்தில் இருந்தபடியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெல்ல இறங்கியது. இப்போது அறையில் ஒரே முகம் இரண்டாக இருந்தது.

"இத எப்ப எடுத்தீங்க?"

சொன்னேன். முக்காலியைத் திருப்பி வைத்ததிலிருந்து எல்லாவற்றையும். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கலெக்டர் ஆபீசுல ஒரு வார்த்த சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியுங்கய்யா."

"ஏன் எடுத்தீங்க?"

"அம்மா கேட்டாங்க. நீங்க விருப்பத்துல வர்றீங்களா, கடமைக்கு வர்றீங்களான்னு அவங்களுக்குத் தெரியோணுமாம்."

"உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே படத்தைப் பார்த்தபடி பேசினார்.

"காலைல ஷேவ் பண்றப்பவே ஒரு மூஞ்சிய மாட்டிக்கறனுங்க. பேக்டரில நானூறு பேரு பாக்கறாங்க. மொதலாளி மூஞ்சி சுண்டுனா கம்பெனிய மூடப் போறாங்கன்னு பேசிக்குவாங்க. ரோட்டுல பாக்கறவனெல்லாம் 'ஊட்ல எப்படி இருக்காங்க'ன்னு கேப்பான். அதுக்கொரு மூஞ்சி. பையன் ஆஸ்திரேலியால இருந்து வீடியோல வருவான், அதுக்கொண்ணு. பதினோரு மணிக்கு அந்த ரெண்டாவது கதவச் சாத்துனாத்தான் எல்லாத்தையும் கழட்டி வெப்பேன். வாய் பாட்டுக்குப் பேசும். நான் உக்காந்திருப்பேன். ஒரு நாளைக்கு நான் உக்கார்றது அந்த ஒரு மணி நேரந்தான். அவகிட்ட இருக்கறப்ப மட்டுந்தான் மூஞ்சியத் தூக்கிப் புடிச்சுட்டு இருக்கத் தேவையில்ல."

படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இனி அங்கயும் சிரிக்கோணும்," என்றார். "இருட்டுலயும் யாராச்சும் பாக்கலாம்னு ஆயிருச்சில்ல."

முந்நூற்று அறுபது படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தவன் நான். கன்னத்தின் மடிப்பு ஒன்றையும் விடவில்லை. அந்த முகம் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை. கேமராவில் கோளாறு இல்லை. அதற்குப் பின்னால் ஒட்டி வைத்த கண்ணில்தான்.

வண்ணம் சுரண்டுகிற கத்தியை எடுத்தேன். "கிழிச்சுப் போட்டுடறனுங்க. அம்மாகிட்ட என்னால முடியலைன்னு சொல்லிக்கறேன்."

கத்தி கித்தானுக்குப் பக்கத்தில் போகும்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவளாவா கேட்டா?"

"அவங்களாத்தான் கேட்டாங்க."

"பதினோரு வருசத்துல அவ எதையும் கேட்டதில்ல," என்றார். "ரேடியோ வேணுமான்னா வேண்டாம்பா. அக்கா தங்கச்சிகளக் கூப்புடட்டுமான்னா வேண்டாம்பா." பிடியை விட்டார். "கிழிக்க வேண்டாம். ஞாயித்துக்கெழம நானே காட்டறேன். நீங்க தூக்கிட்டு வந்தாப் போதும்."

சனிக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பர்வீன் பானு என் கடிதத்தைப் படித்தார். நடந்ததை அப்படியே எழுதியிருந்தேன்.

"இத நான் மேல அனுப்பியாகணும் சார். தெரியுமில்ல?"

"அனுப்புங்க மேடம்."

"படம் சரியா விழலையா?"

"படம் சரியாத்தான் விழுந்துச்சு. எனக்குத்தான் பாக்கத் தெரியல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்படின்னா யாருக்குமே லைசென்ஸ் குடுக்க முடியாது சார்," என்று சொல்லிவிட்டு, கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு கடிதத்தில் முத்திரை குத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. படத்தை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஈரம் காயாத படம் தூசியில் கெட்டுவிடக் கூடாதே என்று கொஞ்சம் அதிகமாகவே கட்டியிருந்தேன். சென்னியப்பன் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். வெளிக் கதவு மூடிக்கொண்டது. உள் கதவும் மூடிக்கொண்டது. நான் கூடத்தில் கடிகாரத்துக்கு எதிரில் நின்றேன்.

சுவிட்சு போடுகிற சத்தம் கேட்டது.

இப்போது அந்த அம்மாள் படத்தைப் பார்த்திருப்பார். இப்போது என்ன சொல்வார்? என் மனம் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னால் வெட்கம். அந்தத் தம்பதியின் பதினோரு வருடத்தைப் பற்றி அல்ல. கன்னத்து நிழலுக்கு நான் போட்ட பழுப்பு வண்ணம் அந்தச் சிவப்பு விளக்கில் சரியாகத் தெரியுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. விளக்கை அணைக்கிற சத்தம் வரவில்லை. மூன்று. நான்காவது நிமிடம் முடியும்போதுதான் சுவிட்சு சத்தம் கேட்டது.

சென்னியப்பன் வெளியே வந்தார். கூடத்து வெளிச்சத்தில் கண்ணைக் கொட்டிக்கொண்டு நின்றார். அக்குளில் படம் அப்படியே இருந்தது. வேட்டியும் கயிறும் போட்ட முடிச்சும் அப்படியே இருந்தன.

"என்னாச்சுங்கய்யா?"

"நீங்க இந்தக் கயித்த என்ன இந்தக் கட்டுக் கட்டியிருக்கறீங்க? முடிச்சு வரவே மாட்டீங்குது. லைட்டு வேற போட்டுட்டா. ரெண்டு நிமிசத்துக்குள்ள அவுக்கோணுமேன்னு நகத்துல புடிச்சு இழுத்துட்டிருந்தேன். 'அத விடுங்க'ன்னா. நிமுந்து பாத்தா, என்னையவே பாத்துட்டிருக்கறா. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது, அவசரத்துல சிரிக்கவே மறந்துட்டேன்னு."

"அப்புறம்?"

"சிரிக்கலாம்னு பாத்தேன். 'வேண்டாம், அப்படியே இருங்க'ன்னுட்டா. அப்படியே உக்காந்திருந்தேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'வயசாயிருச்சு உங்களுக்கு'ன்னா."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். பதினோரு வருசங் கழிச்சுப் பாக்கறா. வேற என்ன சொல்லுவா?"

அந்த நேரத்திலும் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "படம் பத்தி ஏதாச்சும்..."

"எந்தப் படம்?" என்றார் சென்னியப்பன். பிறகு அக்குளில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "ஓ," என்று என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கதவுகள் மறுபடியும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன.

நான் கிளம்பியிருக்கலாம். ஆனால் நான்கு நிமிட வெளிச்சம் என் மனதை உறுத்தியது. இரண்டுக்கு மேல் போனால் மூன்று நாள் வலி என்பது கணக்கு. உள்ளே பேச்சுச் சத்தமும் இல்லை. வழக்கமான கதை இல்லை, சிரிப்பு இல்லை. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். பயம் வந்துவிட்டது. வெளிக் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திவிட்டு, இரண்டு கதவுக்கும் நடுவில் இருட்டில் நின்றுகொண்டு, "அம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "வலிக்குதுங்களா? டாக்டரக் கூப்புடட்டுங்களா?"

கதவுக்கு மறுபுறம் ஒரு தாளத்தோடு ஏறி இறங்கிய மூச்சுச் சத்தம் கேட்டது. நல்ல குறட்டை.

"சத்தம் போடாதீங்க தம்பி," என்று லோகாம்பாள் கதவருகே வந்து கிசுகிசுத்தார். "வலிக்கத்தான் செய்யுது. அது பாட்டுக்கு வலிச்சுட்டுப் போகட்டும். அவரு தூங்கறாரு. போறப்ப வெளிக் கதவ மெதுவாச் சாத்துங்க."

சாத்தினேன். முப்பது வருடக் கலை வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி நான் செய்து கொடுத்தது அந்த ஒன்றுதான்.